வாடிக்கையாளரின் வண்டி

தீவு, பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

வந்து சேர்ந்தேன். கடல் சும்மா இருக்கவில்லை, வழியில் இரண்டு தடவை வாந்தி. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை. நீயும் உன் மனைவியும் சௌக்கியம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

இங்கே சிக்னல் கோபுரத்துக்கு மின்கம்பி இழுக்கும் வேலை. பத்து மாதம். நாங்கள் ஐந்து பேர், ஒரு சமையல்காரர், மிச்சமெல்லாம் காற்று. செல்போன் எடுக்காது. ரேடியோவில் பேச யாராவது செத்தால்தான் அனுமதி என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். அதனால் தயவுசெய்து சாகாமல் கடிதம் போடு. படகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும், அதுவும் கடலுக்கு இஷ்டமிருந்தால்.

இனி வண்டி. கிளம்புகிற அவசரத்தில் வாயால் சொன்னதை நீ தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டாய். நீ அப்படித் தலையாட்டினால் ஒன்றும் உள்ளே போகவில்லை என்று அர்த்தம். அதனால் எழுதுகிறேன். ஞாயிறு காலை ஸ்டார்ட் செய்து பத்து நிமிஷம் ஓட விடு. ஏர் ஃபில்டர் வெறும் ஸ்பாஞ்ச்தான். மாதம் ஒருமுறை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புத் தண்ணீரில் கழுவி, நிழலில் காயவைத்து, அதற்குரிய எண்ணெயைத் தடவிப் போடு. அழுத்திப் பிழியலாம், முறுக்கக் கூடாது, முறுக்கினால் கிழிந்துவிடும். இந்த மாதமே கியர் ஆயிலை மாற்று. டயரில் காற்று பின்னால் நாலரை பவுண்டு, முன்னால் ஆறு. கேனில் உள்ள பெட்ரோலை ஊற்றிக்கொள், இரண்டு மாதம் வரும்.

நீ ஓட்டாதே. ஓட்டவே ஓட்டாதே. அது சாய்ந்தால் உன் காலும் போகும், என் வண்டியும் போகும்.

அக்டோபர் இரண்டாம் ஞாயிறு மலைப்பந்தயம். மூன்று வருஷமாக இரண்டாவது வருகிறேன், உனக்குத் தெரியும். இந்தத் தடவை லீவு கேட்டு வைத்திருக்கிறேன். சின்ன வயதில் நீ பிரித்த கடிகாரம், ரேடியோ, என் சைக்கிள் டைனமோ எதுவும் மறுபடி ஒன்றுசேரவில்லை. இருந்தாலும் வேறு யாரிடமும் வண்டியை விட மனசு வரவில்லை.

உன் மனைவியிடம் நான் கேட்டதாகச் சொல்.

அக்கா

* * *

வீடு, பிப்ரவரி 21

அக்காவுக்கு உன் தம்பி எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். எல்லோரும் என்றால் நாங்கள் இரண்டு பேர், உன் வண்டி ஒன்று. உன் வாந்தி நின்றதா?

வண்டி மாடிப்படிக்குக் கீழே நிற்கிறது. முதல் நாளே உன் தம்பி பெண்டாட்டி சுற்றிச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, “ஏங்க, சீட்டு எங்கே? யாராவது திருடிட்டாங்களா?” என்று கேட்டாள். இந்த வண்டிக்குச் சீட்டே கிடையாது, நின்றுகொண்டேதான் ஓட்டணும் என்றேன். பிறகு பந்தயத்தையும் விளக்கினேன். பாறை மேல் மெதுவாக ஏறணும், வேகத்துக்கு மதிப்பில்லை, காலைத் தரையில் ஊன்றினால் ஒரு எண், கடைசியில் யாருக்கு எண் குறைவோ அவர்தான் ஜெயிப்பார் என்று. “அப்போ நான் வீட்டிலேயே இருந்தா எனக்கு ஒரு எண்ணும் இல்லையே, நான்தானே ஜெயிக்கணும்?” என்கிறாள். இவளோடுதான் நான் குடித்தனம் நடத்துகிறேன்.

காற்று விஷயத்தில் ஒரு சின்ன அசம்பாவிதம். நாற்பத்தைந்தைத்தான் நீ அவசரத்தில் நாலரை என்று தப்பாக எழுதியிருக்கிறாய் என்று நான் முடிவுகட்டி, பெட்ரோல் பங்கில் முப்பது பிடித்தேன். உன் நன்மைக்காகக் கொஞ்சம் குறைத்துத்தான் பிடித்தேன். வண்டியைத் தள்ளிக்கொண்டு வரும்போது ஒவ்வொரு கல்லுக்கும் அது பந்து மாதிரி குதித்தது. இப்போது சரியாக நாலரை. டயரைக் கையால் அமுக்கினால் தலையணை மாதிரி இருக்கிறது, இதுதான் சரியா?

கியர் ஆயிலை மாற்றிவிட்டேன். கறுப்பாக வந்தது, தேன் நிறத்தில் ஊற்றினேன். மூக்குக்கண்ணாடிக் கடையில் நாள் முழுக்கக் கடுகு சைஸ் ஸ்க்ரூவோடு மாரடிக்கிறவனுக்கு அந்தப் பெரிய போல்ட்டைத் திருப்பியதில் ஒரு ஆண்மைகூட வந்துவிட்டது. ஸ்பாஞ்சை முறுக்கவில்லை. நான் முறுக்கவில்லை என்பதை நீ நம்பணும்.

என்னிடம் விட்டுப்போனதற்கு உண்மையிலேயே சந்தோஷம் அக்கா. கடையில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி

* * *

தீவு, மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. வாந்தி நின்றது, தலைவலி வந்தது, அதுவும் போய்விட்டது. நீங்கள் சுகம் என்றறிந்து மகிழ்ச்சி.

தலையணைதான் சரி.

ஒன்று மறந்துவிட்டேன். கேனில் நான் வைத்துவிட்டு வந்தது வெறும் பெட்ரோல் இல்லை, ஆயில் கலந்தது. அது தீர்ந்தால் புதிதாக வாங்குகிற ஐந்து லிட்டருக்கு நூறு மில்லி இரண்டு ஸ்ட்ரோக் ஆயில் கலந்துதான் ஊற்றணும். கியர் ஆயில் கியருக்கு மட்டும். அது பிஸ்டன் பக்கம் போகாது. பிஸ்டனுக்குப் பெட்ரோலோடு வருகிற ஆயில்தான். கலக்காமல் ஊற்றினால் என்ஜின் இறுகிப் பிடித்துக்கொள்ளும். சிவப்பு டப்பா, அலமாரியின் கீழ்த் தட்டில்.

படகுக்காரர் அவசரப்படுத்துகிறார். மற்றவை அடுத்ததில்.

அக்கா

* * *

வீடு, ஏப்ரல் 12

பாசமுள்ள அக்காவுக்கு,

நாங்கள் நலம். உன் நலத்துக்கு வேண்டிக்கொள்கிறோம். பதில் எழுதத் தாமதமானதற்கு மன்னிக்கவும். கடையில் கூட்டம்.

வண்டி நலம். மிகவும் நலம். இவ்வளவு நலமாக ஒரு வண்டி இருந்து நான் பார்த்ததே இல்லை. அதைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

நேற்று கடைக்கு ஒருவர் வந்தார். வெள்ளெழுத்து. கண்ணாடி மாட்டிப் பார்த்துக்கொண்டே பேச்சு வளர்ந்தது. பார்த்தால் அவரிடமும் உன்னுடையதைப் போலவே ஒரு வண்டி, அதே கம்பெனி, அதே நிறம்கூட. உலகம் எவ்வளவு சின்னது பார். பாவம், அவருக்கு ஒரு கஷ்டம். மார்ச் பதினைந்தாம் தேதி வாக்கில் கேன் பெட்ரோல் தீர்ந்திருக்கிறது. பங்கில் வாங்கி அப்படியே ஊற்றியிருக்கிறார். கியர் ஆயிலைத்தான் புதிதாக மாற்றியாகிவிட்டதே, அந்த ஆயில்தான் என்ஜின் பூராவும் ஓடும் என்று அவர் கணக்கு. எட்டாவது நிமிஷம் கீச்சென்று ஒரு சத்தமாம். அதோடு சரி. கிக்கர் இறங்கவே மாட்டேன் என்கிறதாம். மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இரண்டு நாள் சாப்பாடே இறங்கவில்லை என்றார். ஒரு வாரம் கழித்து, இப்படிக் கலக்கணும் என்று அவருக்கு யாரோ எழுதிய கடிதம் வந்ததாம்.

வண்டி அவருடையதும் இல்லை. அதைக் கொடுத்து வைத்தவர் வெளியூரில் இருக்கிறார்.

இதற்கு ஏதாவது வழி உண்டா என்று என்னிடம் கேட்டார். எனக்கு என்ன தெரியும், அக்காவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். பொது அறிவுக்காகத்தான் கேட்கிறேன்.

தம்பி

* * *

தீவு, மே 6

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். நடுவில் ஒரு படகு வரவில்லை, அதனால்தான் தாமதம்.

உன் வாடிக்கையாளரின் வெள்ளெழுத்துக்கு நீ நல்ல கண்ணாடி கொடுத்திருப்பாய். அது அவருக்குத் தேவைப்படும்.

அவரிடம் சொல். என்ஜின் சாகவில்லை. ஆறியதும் கிக்கர் மெல்ல இறங்கும். மேலே நாலு நட், அதை எடுத்தால் தலைப்பகுதி வரும், பிறகு சிலிண்டரைத் தூக்கினால் பிஸ்டன் தெரியும். பிஸ்டனின் பக்கமெல்லாம் கீறல் விழுந்து, அலுமினியம் சிலிண்டர் சுவரில் ஒட்டியிருக்கும். சிலிண்டரைத் தூக்கிப் போட வேண்டாம். ஒட்டியதை மெல்ல எடுத்துவிட்டால் பெரும்பாலும் உள்ளே சுவர் நன்றாகவே இருக்கும். பிஸ்டனும் ரிங்கும் புதிது வேண்டும். உதிரிபாகக் கடையில் சொன்னால் வரவழைத்துத் தருவார்கள், நாலைந்து வாரம் ஆகும். சிலிண்டருக்கு அடியில் வைக்கிற மெல்லிய அட்டை, கேஸ்கெட், இரண்டாக வாங்கச் சொல், முதல் தடவை யாருக்கும் ஒன்று கிழியும்.

திறந்த உடனே கீழ் வாயைத் துணியால் அடைக்கணும், ஒரு தூசிகூட உள்ளே விழக் கூடாது. பிஸ்டன் தலையில் அம்புக்குறி இருக்கும், அது புகைக்குழாய் பக்கம் பார்க்கணும். ரிங்கின் இரண்டு முனையும் பள்ளத்தில் உள்ள சின்ன ஆணியின் இரண்டு பக்கமும் உட்காரணும்.

முக்கியமானது கிளிப். பிஸ்டனைத் தாங்குகிற தண்டு பக்கவாட்டில் நழுவாமலிருக்க இரண்டு பக்கமும் மோதிரம் மாதிரி சின்னக் கம்பிக் கிளிப் உண்டு. புது பிஸ்டனோடு இரண்டு வரும். புதியதைத்தான் போடணும். ஒருமுறை கழற்றியது பிடிப்பு விட்டிருக்கும். ஓடும்போது அது நழுவினால் சிலிண்டரைக் கீறி, என்ஜின் அந்த இடத்திலேயே நின்றுவிடும். செங்குத்துப் பாறையில் பாதி ஏறும்போது நின்றால், ஓட்டுகிறவர் கீழே, வண்டி மேலே.

அவர் சொந்தக்காரருக்குச் சொன்னாரா இல்லையா என்று நான் கேட்கவில்லை. அது அவர் இஷ்டம்.

உன் மனைவி சௌக்கியமா?

அக்கா

* * *

வீடு, ஜூலை 8

பாசமுள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் சுகம். அவளுக்கு லேசாக ஜலதோஷம், சரியாகிவிட்டது. அங்கே வெயில் எப்படி?

நீ எழுதியதை அப்படியே வாடிக்கையாளரிடம் சொன்னேன். உன்னை வாயாரப் புகழ்கிறார். உதிரிபாகக் கடைக்காரர் அவரைப் பார்த்து, “இதெல்லாம் உங்களுக்கு வராது சார், என்கிட்ட கொண்டாங்க, நான் பார்த்துக்கிறேன்” என்று மூன்று தடவை சொல்லியிருக்கிறார். மூன்று தடவையும் இவர் முடியாது என்றுவிட்டார். அவ்வளவு ரோஷக்காரர் என்று நானே நினைக்கவில்லை. சிலிண்டர் சுவரை அவர் ஐந்து ஞாயிறு தேய்த்தார். விரலால் தடவினால் எதுவும் நெருடவில்லை என்ற பிறகும் இன்னொரு ஞாயிறு தேய்த்தார். கேஸ்கெட் ஒன்று கிழிந்தது. நீ சொன்னதுபோல் இரண்டு வாங்கியிருந்ததால் பிழைத்தார். பிறகு பயந்துபோய் இன்னும் இரண்டு வாங்கினார்.

போன ஞாயிறு மதியம் எல்லாம் சேர்ந்தாகிவிட்டது. அம்புக்குறி சரி, ரிங் சரி. கிளிப் வேலையும் ஒரு மாதிரி முடிந்தது. ஐந்தாவது உதைக்கு ஓடியது அக்கா! அந்தச் சத்தத்தைக் கேட்டபோது அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

உன் வண்டியும் வழக்கம்போல ஓடுகிறது. இரண்டுக்கும் ஒரே சத்தம்.

தம்பி

அண்ணி, உங்கள் தம்பி கடிதத்தை ஒட்டக் கொடுத்தார், ஒட்டுவதற்கு முன் எழுதுகிறேன், இவருக்குத் தெரியாது. வாடிக்கையாளர் எங்கள் வீட்டில்தான் சாப்பிடுகிறார். சாப்பாட்டு மேசை முழுக்க அவர் சாமான். இரண்டு மாதமாக நாங்கள் தரையில் தட்டு வைத்துச் சாப்பிடுகிறோம். ஆனால் இவ்வளவு பொறுமையாக ஒரு வேலையை இந்த மனுஷன் செய்து நான் பார்த்ததில்லை. திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் பார்த்துத் திட்டுங்கள்.

* * *

தீவு, ஆகஸ்ட் 25

அன்புள்ள தம்பிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. ஜலதோஷம் போன உன் மனைவிக்கு என் அன்பு. அவள் எழுத்து அழகு.

லீவு கிடைத்துவிட்டது. ஐந்து நாள். அக்டோபரில் பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை படகில் வருகிறேன். ஞாயிறு சாயங்காலப் படகில் திரும்பணும், அதைவிட்டால் வேலை போய்விடும். படகு தாமதமானால் துறையிலிருந்து நேராக மலைக்கு வந்துவிடுவேன். நீ வண்டியை அங்கே கொண்டுவந்துவிடு.

பந்தயம் நடத்துகிற கிளப்பிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அந்த மலையைக் கல்குவாரிக்காரர் வாங்கிவிட்டாராம். ஜனவரியிலிருந்து வெடி வைப்பார்கள். அடுத்த வருஷம் வேறு எங்காவது பந்தயம் நடத்துவார்கள், நடத்தாமலும் போகலாம். எனக்கு நாற்பத்திரண்டு முடிகிறது. அந்த ஏழாவது பாறையில் எங்கே வண்டியின் முன்சக்கரத்தைத் தூக்கணும் என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். மூன்று வருஷம் இரண்டாவது. இந்தத் தடவை ஜெயிக்கணும் தம்பி. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, வெட்கமாக இருக்கும். இங்கே தினமும் வேலை முடிந்ததும் ஒரு குழாய் மேல் அரை மணி நேரம் நிற்கிறேன், கால் கீழே படாமல். சமையல்காரர் எனக்குக் கிறுக்கு என்று நினைக்கிறார்.

வண்டி ஓடுகிறது என்று எழுதியிருந்தாய். அது போதும்.

அக்கா

* * *

வீடு, செப்டம்பர் 22

அக்கா,

நாங்கள் நலம். நீ நலமாக இருக்கணும். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

வாடிக்கையாளர் என்று யாரும் இல்லை. உன் வண்டிதான். நான்தான். மார்ச் பதினைந்து.

உன்னிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை என்னை நம்பி ஒன்றைக் கொடுத்தாய். ஆறே வாரத்தில் அதையும் கெடுத்து வைத்தேன். சரிசெய்துவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம், சொல்லாமலே விட்டும் விடலாம் என்று நினைத்தேன். தினமும் வீட்டில், “நீங்க சொல்லலைன்னா நான் எழுதிடுவேன்”னு அவள் மிரட்டுகிறாள். இதை எழுதுவது அதற்குப் பயந்து இல்லை. கிளிப்புக்காக எழுதுகிறேன்.

புது கிளிப் இரண்டில் ஒன்றை மாட்டினேன். இரண்டாவதை மாட்டும்போது விரலிலிருந்து தெறித்தது. டிங் என்று எங்கேயோ சத்தம் மட்டும். அறை முழுக்கத் தேடினோம், மேசையைப் புரட்டினோம், அவள் துடைப்பத்தால் மூலை மூலையாகக் கூட்டிப் பார்த்தாள். கிடைக்கவில்லை. என்ஜின் வாயில் துணி அடைத்திருந்தேன், உள்ளே போயிருக்க முடியாது. கடைக்காரர் புதிதுக்கு ஒரு மாதம் ஆகும் என்றார். அன்றைக்கே ஓடுகிற சத்தத்தைக் கேட்டுவிடணும் என்று எனக்கு ஒரு வெறி. பழைய கிளிப்பை எடுத்துப் போட்டுவிட்டேன். கடைக்காரர் சொன்ன புதுக் கிளிப் இன்றுவரை வரவில்லை.

பன்னிரண்டு வாரமாக ஞாயிறு தவறாமல் ஓட்டிப் பார்க்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனால் படிக்கட்டுக்குக் கீழே ஓடுவது வேறு, ஏழாவது பாறையில் ஓடுவது வேறு. அது உள்ளே சரியாக உட்கார்ந்திருக்கிறதா இல்லையா, எனக்குத் தெரியாது. ஆகஸ்ட் கடிதத்தைப் படித்ததிலிருந்து அதே நினைப்புதான்.

என்ன செய்யணும் என்று எழுது. எழுத நேரமில்லை என்றால் வந்து முகத்தில் துப்பு. அந்த வண்டியில் மட்டும் ஏறாதே.

தம்பி

* * *

வீடு, அக்டோபர் 21

அன்புள்ள அக்காவுக்கு,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே இருவரும் சுகம்.

நான் செப்டம்பரில் எழுதிய கடிதம் அங்கே உன் மேசை மேல் இருக்கும். புயலால் ஒரு படகு தவறி, அந்தக் கடிதம் வந்த படகிலேயே நீ ஏறி வந்துவிட்டாய் என்று இப்போதுதான் விளங்குகிறது. அன்றைக்கு எனக்குத் தெரியாது. நீ படித்துவிட்டாய் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை வரவேண்டிய நீ ஞாயிறு காலை எட்டு மணிக்குப் பையும் கையுமாக நேராக மலையடிவாரத்துக்கு வந்தாய். என்னைப் பார்த்து, “என்னடா, இளைச்சுட்டே” என்றாய். அவ்வளவுதான். அப்போதே ஹெல்மெட்டை மாட்டி, ஒரே உதையில் ஸ்டார்ட் செய்து, தலையைச் சாய்த்து ஒரு நிமிஷம் கேட்டாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. படித்தும் துணிந்து ஏறுகிறாளே என்று நினைத்தேன்.

“அக்கா, கடிதம் வந்துச்சில்ல?” என்றேன்.

“எந்தக் கடிதம்?”

நீ அப்படிக் கேட்டதும் என் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நீ என்ஜினை அணைத்தாய். ஹெல்மெட்டைக் கழற்றினாய். “சொல்லு” என்றாய். உன் பெயரை ஒலிபெருக்கியில் இரண்டாவது தடவை கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சொன்னேன். கிளிப்பை மட்டும்தான் சொன்னேன்.

நீ திட்டுவாய் என்று காத்திருந்தேன். “ஸ்பேனர் எடு. நீயே கழட்டு” என்றாய். புல்லில் தார்ப்பாய் விரித்து உட்கார்ந்தோம். ஒவ்வொரு நட்டாக நான் கழற்ற, நீ அதை உன் ஹெல்மெட்டுக்குள் போட்டுக்கொண்டே வந்தாய். போட்டிக்காரர்கள் எல்லாம் நிமிஷத்துக்கு ஒருவராகப் புறப்பட்டுப் போனார்கள். சிலிண்டரைத் தூக்கியதும் ஸ்க்ரூட்ரைவர் நுனியால் நீ அந்தக் கிளிப்பைத் தள்ளிப் பார்த்தாய், நெம்பியும் பார்த்தாய். அது அசையவே இல்லை. “இருக்கு. மூடு” என்றாய். மிச்சமிருந்த கேஸ்கெட்டைப் போட்டு மூடினோம். எழுபது நிமிஷம். கடைசி ஆளாகப் போனாய்.

பிறகு நான் ஒவ்வொரு பாறைக்கும் ஓடி ஓடி வந்து பார்த்தேன். ஏழாவது பாறையில் மூன்று சுற்றிலும் உன் கால் தரையைத் தொடவில்லை. எண் போடுகிறவர் பென்சிலைக் காதில் சொருகிக்கொண்டு வாயைப் பிளந்துகொண்டு நின்றார். முடிந்ததும் நீ பையை எடுத்துக்கொண்டு படகுக்கு ஓடினாய். முடிவு படித்தபோது நீ இல்லை. அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

கால் ஊன்றியதற்கு உனக்கு ஒன்பது. அன்றைக்கு எல்லோரிலும் குறைவு அதுதான். முதலாவது வந்தவருக்குப் பதினேழு. ஆனால் குறித்த நேரத்தைத் தாண்டி முடித்தால் நிமிஷத்துக்கு ஒரு எண் சேர்ப்பார்களாமே. நீ பதினான்கு நிமிஷம் தாமதம். மொத்தம் இருபத்து மூன்று. இரண்டாவது ஆளுக்கு இருபது. நீ மூன்றாவது.

என்ஜினைத் திறக்காமல் போயிருந்தால் நீ ஜெயித்திருப்பாய். கிளிப் சரியாகத்தான் இருந்தது. நான் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் போதும். மார்ச்சிலேயே திறந்திருந்தாலும் போதும். இரண்டும் செய்யாமல், எந்த நேரத்தில் சொல்லக் கூடாதோ அந்த நேரத்தில் சொன்னேன். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

தம்பி

* * *

தீவு, நவம்பர் 10

அன்புள்ள தம்பிக்கு,

உன் இரண்டு கடிதத்தையும் படித்தேன். செப்டம்பருடையதை நான் திரும்பி வந்த அன்றே, அக்டோபருடையதை இன்று. நான் நலம். முட்டியில் சிராய்ப்பு ஆறிவிட்டது.

மூன்றாவது என்று படித்ததும் வெளியே போய்க் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்தேன். அந்தப் பந்தயம் எனக்கு வேண்டித்தான் இருந்தது. பரவாயில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். இப்போதும் பரவாயில்லை ஆகவில்லை.

வாடிக்கையாளர் யாரென்று எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். வெள்ளெழுத்துக்காரர் யாரும் மார்ச் பதினைந்து என்று தேதியோடு வந்து கண்ணாடி வாங்க மாட்டார். அன்றைக்கே உன்னைக் கிழி கிழி என்று கிழித்து நாலு பக்கம் எழுதினேன். படகு வரவில்லை. அடுத்த படகுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆயில் கலக்கணும் என்று நான் எழுதியது மார்ச் ஒன்பது. அது உனக்குக் கிடைத்தது நீ ஊற்றிய பிறகு. இரண்டு மாதம் வரும் என்று எழுதியதும் நான்தான், அது ஆறு வாரத்திலேயே தீர்ந்துபோயிருக்கிறது. ஸ்பாஞ்சைப் பற்றி அத்தனை விளக்கிவிட்டு இதை விட்டதும் நான்தான். நாலு பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். தப்பு என்னுடையது என்று எழுத எனக்கும் வாய் வரவில்லை, அதனால் நானும் உன் வாடிக்கையாளருக்கே பதில் எழுதிக்கொண்டிருந்தேன். நம் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் ஒரே மாதிரிதான்.

இனி முக்கியமானது. அன்றைக்குச் சத்தத்தைக் கேட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, நன்றாகப் பொருத்தியிருக்கிறாய். நீ கிளிப்பைச் சொன்ன பிறகும் அப்படியே ஏறிப் போயிருப்பேன். அந்த அளவு ஆபத்துக்கு நான் பயப்படுகிறவள் இல்லை. ஆனால் உன் முகத்தைப் பார்த்தேன். நான் ஒவ்வொரு பாறையில் ஏறும்போதும் நீ கீழே நின்று செத்துச் செத்துப் பிழைத்திருப்பாய். ஜெயித்திருந்தாலும், அக்கா தப்பியது அதிர்ஷ்டத்தால்தான், என் கையால் இல்லை என்றுதான் ஆயுசுக்கும் நினைத்திருப்பாய். அதற்காகத்தான் உன்னையே கழற்றச் சொன்னேன். நான் சந்தேகப்பட்டு இல்லை. நீ கண்ணால் பார்க்கணும் என்று.

பார்த்தாய் அல்லவா? அசையவில்லை அல்லவா? அது உன் வேலை. பழைய கிளிப்பைப் போட்டது மகா தப்பு, புதிது வந்ததும் மாற்று. ஆனால் உட்கார்த்தியது நன்றாகவே உட்கார்த்தியிருக்கிறாய்.

ஒரே ஒரு உத்தரவு. இனிமேல் ஏதாவது உடைந்தால் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுது. சுகம், சௌக்கியம் எல்லாம் அதற்கப்புறம் விசாரித்துக்கொள்ளலாம்.

மேசையை உன் மனைவிக்குத் திருப்பிக் கொடு.

அக்கா

* * *

வீடு, நவம்பர் 29

முன் பிரேக் லீவர் ஒடிந்துவிட்டது. நான்தான் ஒடித்தேன். ஓட்டினேன். நீ ஓட்டவே ஓட்டாதே என்று எழுதியிருந்தது ஞாபகமிருந்தது, இருந்தும் ஓட்டினேன்.

புதுக் கிளிப் வந்தது. தனியாகத் திறந்து, தனியாகப் போட்டு, தனியாக மூடினேன். மூடிய பிறகு மறுபடி திறந்து பார்க்கணும் என்று தோன்றவே இல்லை. அப்படித் தோன்றாததில் வந்த தைரியத்தில் பின்தெருவில் வீடு கட்டுகிறவர்கள் கொட்டி வைத்திருந்த மண்மேட்டில் ஏறினேன். உன் தம்பி பெண்டாட்டி கையில் பென்சிலோடு நின்று எண் போட்டாள். இரக்கமே இல்லாதவள். பதினோரு தடவை காலை ஊன்றினேன், பன்னிரண்டாவது தடவை முழு ஆளாகவே ஊன்றிவிட்டேன். அப்போதுதான் லீவர் போனது. அதற்கும் ஐந்து எண் சேர்த்தாள்.

லீவர் சொல்லி வைத்திருக்கிறேன், நீ வருவதற்குள் மாட்டிவிடுவேன். வேறு எதுவும் உடையவில்லை. என் இடது கட்டைவிரல் வீங்கியிருக்கிறது, அது உன் கணக்கில் வராது.

அன்புள்ள அக்காவுக்கு, நாங்கள் இருவரும் சுகம். நீ எப்படி இருக்கிறாய்?